குடலுக்கு ஒரு நாட்குறிப்பு: கைப்பேசி வழி கண்காணிப்பு

மாணவர்களே, "கடந்த மூன்று மாதங்களில் எத்தனை நாள் உங்களுக்கு வயிற்று வலி வந்தது?" என்று மருத்துவர் கேட்டால் சரியாகச் சொல்வீர்களா? போன வாரம் நடந்தது நினைவிருக்கும்; அதற்கு முன்னால் நடந்தது மறந்துபோயிருக்கும். குடல் அழற்சி நோய் உள்ளவர்களுக்கோ, சிகிச்சையையே மாற்றக்கூடிய தகவல் அது.

குடல் அழற்சி நோய் என்றால் என்ன?

நோய் எதிர்ப்பு ஆற்றலின் வேலை கிருமிகளைத் தாக்குவது. இந்நோயில் அது நம் குடலின் சுவரையே தாக்குகிறது. சுவர் சிவந்து, வீங்கி, புண்ணாகிறது. இதில் இரண்டு முக்கிய வகைகள் உண்டு. 'அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்' பெருங்குடலின் உட்சுவரைப் பாதிக்கும். 'கிரோன் நோய்' வாய் முதல் ஆசனவாய் வரை உணவுப்பாதையில் எங்கும் வரலாம். 1932ஆம் ஆண்டு இதை விவரித்துக் கட்டுரை வெளியிட்ட மருத்துவர்களுள் ஒருவரான பர்ரில் கிரோனின் பெயரே இதற்கு நிலைத்துவிட்டது.

வயிற்றுப்போக்கு, மலத்தில் இரத்தம், வலி, எடை குறைதல், களைப்பு ஆகியவை இதன் அறிகுறிகள். இது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. பலருக்குப் பதின்ம வயதிலோ இருபதுகளிலோ தொடங்குகிறது. மலேசியாவில் ஈப்போ அமைந்துள்ள கிந்தா பள்ளத்தாக்கில் நடத்தப்பட்ட ஆய்வில், மற்ற இனத்தவரைவிட இந்தியர்களிடையே இந்நோய் அதிகமாகக் காணப்பட்டது.

இந்நோயை மருந்தால் கட்டுப்படுத்தலாம். ஆனால் பல மாதங்கள் அடங்கியிருந்துவிட்டு, திடீரென மீண்டும் தலைதூக்கும். அது மருத்துவரைப் பார்க்கும் நாளுக்காகக் காத்திருப்பதில்லை.

செயலி என்ன செய்கிறது?

இந்த இடைவெளியை நிரப்பத்தான் கைப்பேசிச் செயலிகள் வந்தன. நெதர்லாந்தில் உருவான 'மை ஐபிடி கோச்' அவற்றுள் ஒன்று. நோயாளி மாதம் ஒருமுறை சில கேள்விகளுக்குப் பதில் அளிப்பார். வலி எப்படி? களைப்பு உண்டா? மருந்தைத் தவறாமல் சாப்பிட்டீர்களா? நோய் தீவிரமானால் கேள்விகள் வாரந்தோறும் வரும். பதில்கள் கவலை தருவதாக இருந்தால் மருத்துவமனையிலுள்ள தாதிக்குத் தகவல் போகும். அவர் நோயாளியைத் தொடர்புகொள்வார். மலத்தைப் பற்றி நேரில் பேச வெட்கப்படுபவருக்குத் திரையில் பதிலைத் தேர்ந்தெடுப்பது எளிது.

இது உண்மையில் பயன் தருமா? நெதர்லாந்தின் 4 மருத்துவமனைகளில் 909 நோயாளிகளை இரு குழுக்களாகப் பிரித்து 12 மாதங்கள் ஆராய்ந்தார்கள். முடிவுகள் 2017இல் 'தி லேன்செட்' மருத்துவ இதழில் வெளிவந்தன. வழக்கமான சிகிச்சை பெற்றவர்கள் ஆண்டில் சராசரியாக 2.34 முறை மருத்துவரையோ தாதியையோ பார்க்கச் சென்றார்கள். செயலியைப் பயன்படுத்தியவர்கள் சென்றது 1.55 முறை மட்டுமே. மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறுவதும் பாதியாகக் குறைந்தது: 100 பேருக்கு ஏறக்குறைய 10 முறை என்றிருந்தது 5 ஆனது. சிகிச்சையின் தரம் குறைந்ததாக நோயாளிகள் கருதவில்லை.

அறிகுறி ஏமாற்றலாம்

ஒரு சிக்கல் உண்டு. சிலருக்கு வலியே இல்லாமல் உள்ளே அழற்சி இருக்கும். சிலருக்கு அழற்சி இல்லாமலேயே வலிக்கும். கேள்வி பதிலை மட்டும் நம்பினால் இரண்டிலும் தவறு நேரலாம்.

இதற்கு உதவுவது 'கால்புரொடெக்டின்' என்னும் புரதம். இது வெள்ளை இரத்த அணுக்களில் இருக்கிறது. அழற்சி உள்ள இடத்திற்கு அந்த அணுக்கள் திரண்டு வரும்போது, இப்புரதம் குடலுக்குள் கசிந்து மலத்தில் கலக்கிறது. எனவே அதன் அளவு கூடினால் அழற்சி இருக்கலாம் என ஊகிக்கலாம். இதை வீட்டிலேயே அளக்கும் கருவிகளும் உள்ளன. கோவிட் சுயபரிசோதனைக் கருவியில் கோடு தோன்றியது நினைவிருக்கிறதா? இதுவும் அதுபோன்றதே. கைப்பேசியின் கேமரா அந்தக் கோட்டைப் படம் பிடிக்கும். கோடு எவ்வளவு அழுத்தமாக இருக்கிறது என்பதைச் செயலி கணக்கிட்டு அளவைச் சொல்லும்.

நினைவில் கொள்ளுங்கள்

செயலி நோயைக் கண்டுபிடித்துச் சொல்லாது. நோய் உறுதியான பிறகு கண்காணிக்கவே உதவும். பதில் தவறாக இருந்தால் அதன் கணிப்பும் தவறும். உடல்நலத் தகவல் அந்தரங்கமானது என்பதால், மருத்துவமனை பரிந்துரைக்கும் செயலியைப் பயன்படுத்துவதே பாதுகாப்பு.

வாரக்கணக்கில் வயிற்றுப்போக்கு இருந்தாலோ மலத்தில் இரத்தம் தெரிந்தாலோ, செயலியைத் தேடாதீர்கள். வெட்கப்படாமல் பெற்றோரிடம் சொல்லி மருத்துவரைப் பாருங்கள். வகுப்பில் ஒரு நண்பர் அடிக்கடி கழிவறைக்குப் போக அனுமதி கேட்டால் சிரிக்காதீர்கள். அவர் யாரிடமும் சொல்லாத ஒரு நோயுடன் போராடிக்கொண்டிருக்கலாம்.