மண்ணீரல் தமனியைக் கட்டினால் மண்ணீரல் பிழைக்குமா?

பழைய சைக்கிள் டியூபில் ரப்பர் மெலிந்த இடம் மட்டும் காற்றடிக்கும்போது புடைத்துக்கொள்ளும். சுவர் வலுவிழந்த தமனியும் அப்படித்தான் புடைக்கிறது. இதற்குப் பெயர் அனியூரிசம். வயிற்றுக்குள் குடல், கல்லீரல், மண்ணீரலுக்குப் பிரியும் கிளைகளில் இது அபூர்வம். அந்த அபூர்வத்திலும் பாதிக்கு மேல் மண்ணீரல் தமனியில்தான்.

பெண்களுக்கே அதிகம் வருகிறது. கர்ப்பகாலத்தில் ஹார்மோன்கள் தமனிச் சுவரைத் தளர்த்துகின்றன, ரத்த ஓட்டமும் கூடுகிறது. அப்போது வெடித்தால் தாய், சேய் இருவருக்குமே உயிராபத்து. ஆகவே கருத்தரிக்கும் வயதுள்ள பெண்ணுக்கு, புடைப்பு சிறிதானாலும் சிகிச்சை தரவே பரிந்துரைக்கிறார்கள். அது சரியான எச்சரிக்கை என்றே நினைக்கிறேன்.

வெடிப்பு சில சமயம் ஏமாற்றும். முதலில் இரைப்பைக்குப் பின்னாலுள்ள இடுக்கில் ரத்தம் தேங்கி, அந்த அழுத்தத்திலேயே கசிவு அடங்கும். நோயாளி தேறியதுபோல் தெரிவார். பிறகு திடீரென வயிறு முழுக்க ரத்தம் பாயும். அந்த இடைவெளிதான் மருத்துவருக்குக் கிடைக்கும் அவகாசம்.

அறுவையில், புடைப்புக்கு முன்னும் பின்னும் தமனியைக் கட்டிவிடுவார்கள். ரத்தம் நின்றால் மண்ணீரல் அழுகாதா? பெரும்பாலும் இல்லை. இரைப்பையை ஒட்டிய சிறு தமனிகள் மாற்றுப்பாதையாகி அதைக் காப்பாற்றுகின்றன. புடைப்பு மண்ணீரலின் வாசலிலேயே இருந்தால் மண்ணீரலையும் எடுக்க நேரலாம். மண்ணீரல் எடுக்கப்பட்டவர்களுக்கு நிமோகாக்கஸ் போன்ற கிருமிகளுக்கான தடுப்பூசி அவசியம். இன்று பலருக்கு வயிற்றைத் திறக்காமலே, தொடைத் தமனி வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, உலோகச் சுருள்களால் அடைத்துவிடுகிறார்கள்.