பிள்ளைகள் விளையாடினால் பக்கத்து வீட்டாருக்கு ஏன் கோபம்?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இன்று நாம் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் கேட்பதற்குச் சிறியது. பிள்ளைகள் விளையாடுகிறார்கள், பக்கத்து வீட்டார் திட்டுகிறார்கள். "இதற்கெல்லாம் ஒரு கருத்தரங்கா?" என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால், மின்தூக்கிக்குப் போக ஒரு குறிப்பிட்ட வீட்டு வாசலைக் கடக்க வேண்டுமே என்று பயந்து, தாழ்வாரத்தின் மறுகோடியில் உள்ள படிக்கட்டில் எட்டு மாடி இறங்கிப் போகும் ஒரு பிள்ளையை நினைத்துப் பாருங்கள். அந்தப் பிள்ளையின் தாய்க்கு இது சிறிய பொருள் இல்லை. பிடித்து வாங்கிய வீட்டை விற்றுவிட்டு வேறு பேட்டைக்குப் போகலாமா என்று யோசிக்கும் குடும்பங்களும் உண்டு.

தரை வீட்டில் இருப்பவர்களுக்குத் தோட்டம் இருக்கிறது. நம்மில் பெரும்பாலோருக்கு அது கிடையாது. சிங்கப்பூர்வாசிகளில் பத்தில் ஏறத்தாழ எட்டுப் பேர் வீவக வீடுகளில்தான் இருக்கிறோம். நம் பிள்ளைகளுக்குத் தாழ்வாரமும் புளோக் கீழ்த்தளமும் விளையாட்டுத் திடலும்தான் தோட்டம். மழைக்காலத்தில் வீட்டுக் கூடமே மைதானம். இதை வீடமைப்பு வளர்ச்சிக் கழகமும் தொடக்கத்திலிருந்தே அறிந்துதான் இருந்தது. தோ பாயோவில் இன்றும் நிற்கும் அந்த டிராகன் விளையாட்டுத் திடலை 1979ல் கழகமே வடிவமைத்துக் கட்டியது. அடுக்குமாடிப் பேட்டையில் பிள்ளைகளின் சத்தம் தவறுதலாக நுழைந்துவிட்ட ஒன்றல்ல. பேட்டையை வரைந்தவர்கள் அதற்கு இடம் வைத்தே வரைந்தார்கள்.

அப்படியானால் கோபம் ஏன் வருகிறது? முதலில் கட்டடத்தைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். நம் வீட்டுத் தரைதான் கீழ்வீட்டின் கூரை. பிள்ளை பேசுவது, பாடுவது, சிரிப்பதெல்லாம் காற்றில் போகும் சத்தம். கான்கிரீட் அதைப் பெருமளவு தடுத்துவிடும். ஆனால் குதிப்பது, ஓடுவது, பந்தைத் தட்டுவது, நாற்காலியை இழுப்பது ஆகியவை தரையையே அதிரச் செய்யும். அந்த அதிர்வு கான்கிரீட்டுக்குள்ளேயே பயணம் செய்து கீழ்வீட்டில் 'தொம் தொம்' என்று இறங்கும். நமக்கு மெல்லக் கேட்பது அவர்களுக்கு இடிபோலக் கேட்கும். "நாங்கள் சத்தமே போடவில்லையே" என்று ஒரு தாய் சொல்வதும், "தலைமேல் யானை நடக்கிறது" என்று கீழ்வீட்டார் சொல்வதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். இன்னொன்று, அந்த அதிர்வு நேராகக் கீழே மட்டும் போவதில்லை. பக்கவாட்டிலும் மூலைவாட்டிலும் போகும். குற்றம் சாட்டப்படும் வீட்டில் அந்த நேரத்தில் ஆளே இல்லை என்று பின்னர் தெரியவருவதும் உண்டு.

கீழ்த்தளத்தின் கதை வேறு. கூரை தாழ்ந்த, நாலு பக்கமும் கடினமான தூண்களும் சுவர்களும் கொண்ட இடம் அது. பந்து ஒரு முறை சுவரில் பட்டால் சத்தம் பல முறை எதிரொலிக்கும். இரண்டாம் மூன்றாம் மாடியில் இருப்பவர்களுக்கு அது வீட்டுக்குள் நடப்பதுபோல் இருக்கும். பந்து விளையாடக் கூடாது என்று நகர மன்றங்கள் அறிவிப்புப் பலகை வைப்பது இதனால்தான். 2016ல் குவீன்ஸ்டவுன் வட்டாரத்தில் ஒரு புளோக்கின் கீழ்த்தளத்தில் பந்து விளையாட முடியாதபடி உலோகத் தடுப்புகளையே வைத்தார்கள். அது பெரிய விவாதமாகி, பிள்ளைகள் எங்கேதான் விளையாடுவது என்று நாடே கேட்டது. என்னைக் கேட்டால், கீழ்த்தளத்தில் காற்பந்து வேண்டாம் என்பதில் நியாயம் இருக்கிறது. கீழ்த்தளத்தில் பிள்ளையே வேண்டாம் என்பதில் நியாயம் இல்லை.

இனிப் புகார் செய்கிறவரைப் பார்ப்போம். அவர் யார்? இரவு வேலை முடித்துக் காலையில் படுக்கும் தாதியாக இருக்கலாம், பாதுகாவலராக இருக்கலாம், டாக்சி ஓட்டுநராக இருக்கலாம். நோயாளியைப் பார்த்துக்கொள்பவராக இருக்கலாம். பிள்ளைகள் தனிக்குடித்தனம் போய்விட, தனியாக இருக்கும் முதியவராக இருக்கலாம். இவர்கள் கதவைத் தட்டும்போது நம் வயிற்றில் புளியைக் கரைக்கும், உண்மைதான். ஆனால் இவர்கள் கேட்பது தூக்கத்தை. அது நியாயமான கேள்வி.

வேறு ஒரு வகையினரும் இருக்கிறார்கள். பிள்ளை சும்மா நடந்து போனாலும் முறைப்பவர்கள், பிள்ளையின் முகத்துக்கு நேரே கத்துபவர்கள், கைத்தொலைபேசியை நீட்டிப் பிள்ளையைப் படம் எடுப்பவர்கள், இனத்தைச் சொல்லித் திட்டுபவர்கள். இங்கே சத்தம் வெறும் சாக்கு.

இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிச் சண்டைகள் முற்றுகின்றன என்பது என் கருத்து. தூக்கம் கேட்பவரை நாம் பகைவராக்கிவிடுகிறோம். பிள்ளையை மிரட்டுகிறவரிடமோ, "போனால் போகிறது" என்று மாதக்கணக்கில் விட்டுக்கொடுத்துக்கொண்டே இருக்கிறோம். செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறானது.

முதல் வகையினருக்கு வருவோம். சத்தத்தைப் பற்றிப் புகார் வந்தால், அவர் சொல்லும் தொனியை ஒதுக்கிவிட்டு மூன்று விவரங்களை மட்டும் கேட்டு வாங்குங்கள்: எந்த நேரம், எந்த அறைக்கு மேல், எப்படிப்பட்ட சத்தம்? பதில் கிடைத்தால் வேலை பாதி முடிந்தது. மாஸ்டர் படுக்கையறைக்கு மேல் என்றால், பொம்மைக் கூடையைக் கூடத்துக்கு மாற்றிவிடலாம். நாற்காலிச் சத்தம் என்றால், கால்களுக்குக் கீழே ஒட்டும் கம்பளித் துண்டுகள் வன்பொருள் கடையில் சில வெள்ளிக்குக் கிடைக்கும். ஓடுவது, குதிப்பது என்றால் பிள்ளை விளையாடும் இடத்தில் தடித்த நுரைப் பாய் விரிக்கலாம். மெல்லிய கம்பளம் பார்வைக்கு நன்றாக இருக்கும். அதிர்வுக்கு அவ்வளவாக உதவாது. வீட்டுக்குள் ரப்பர் பந்து வேண்டாம், பஞ்சுப் பந்து போதும்.

நேரம் பற்றியும் தெளிவாக இருங்கள். முன்பு இரவு பத்தரை முதல் காலை ஏழு வரை என்றிருந்த அமைதி நேரத்தை, இரவு பத்து முதல் காலை எட்டு வரை நீட்டிக்கலாம் என்று அக்கம்பக்க இரைச்சல் குறித்த சமூக ஆலோசனைக் குழு 2022ல் பரிந்துரைத்தது. அந்த நேரத்தில் பிள்ளை ஓடாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு. அதில் வாதாட ஒன்றுமில்லை. ஆனால் மாலை ஐந்து மணிக்குத் திடலில் பிள்ளை சிரித்தது என்று ஒருவர் வந்தால், அதற்கு நாம் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

பேசப் போகும்போது கோபத்தின் உச்சியில் போகாதீர்கள். மறுநாள் போங்கள், பெரியவர்கள் மட்டும் போங்கள். பிள்ளையை முன்னே தள்ளி "ஆன்ட்டியிடம் சாரி சொல்லு" என்று நிறுத்துவது நல்ல பழக்கம்போலத் தோன்றும். ஆனால் நேற்றுக் கத்திய ஒருவர்முன் இன்று கைகட்டி நிற்க வைத்தால், விளையாடியதே குற்றம் என்றுதான் பிள்ளை புரிந்துகொள்ளும். மொழி இடறும் என்றால், அவர் மொழி தெரிந்த இன்னொரு அண்டைவீட்டாரையோ வசிப்போர் குழுவில் தெரிந்தவரையோ அழைத்துக்கொள்ளுங்கள். சீனப் பாட்டிக்கும் நமக்கும் இடையில் பாதிக் கோபம் மொழிபெயர்ப்பு இல்லாததால் வருவது. தீபாவளிக்கு முறுக்குத் தட்டு நீட்டுவதும் நல்லதுதான். ஆனால் அதைச் சண்டைக்கு முன்னால் செய்திருக்க வேண்டும். சண்டை நடந்த மறுநாள் தட்டோடு போனால் அது லஞ்சம்போல இருக்கும்.

எதை வேண்டுமானாலும் ஒப்புக்கொள்ளுங்கள், "இனிமேல் சத்தமே வராது" என்று மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். நான்கு வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு அதைக் காப்பாற்ற முடியாது. முதல் நாளே வாக்குத் தவறியவர் ஆகிவிடுவோம். "எட்டரைக்குமேல் ஓட விடமாட்டோம், பாய் போட்டுவிட்டோம், ஒரு மாதம் கழித்து எப்படி இருக்கிறதென்று நீங்களே சொல்லுங்கள்" என்று சொல்லலாம்.

இதற்கும் மசியவில்லை என்றால் சமூக சமரச நிலையம் இருக்கிறது. 1998லிருந்து இயங்கி வருகிறது. அங்கே நீதிபதி இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை. பயிற்சி பெற்ற தொண்டூழிய சமரசர்கள் இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேச வைப்பார்கள். அங்கு பேசியவை வெளியே போகாது. மனந்திறந்து உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் உடன்பாட்டோடுதான் எழுகிறார்கள். சிக்கல் எங்கே என்றால், எதிர்த்தரப்பு வரவேண்டுமே! "எனக்கென்ன, அவர்கள்தானே சத்தம் போடுகிறார்கள்" என்று வராமல் இருந்துவிடுவார்கள். அந்த ஓட்டையை அடைக்கத்தான் 2024 நவம்பரில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. கட்டாயமாகச் சமரசத்துக்கு வரச் சொல்லும் அதிகாரமும், மோசமான இரைச்சல் தகராறுகளில் நேரடியாகத் தலையிடும் அதிகாரிகள் பிரிவும் அந்தத் திருத்தத்தில் வந்தவை. அந்தப் பிரிவு 2025ல் தெம்பனிஸ் வட்டாரத்தில் முன்னோடித் திட்டமாகத் தொடங்கப்பட்டது.

கடைசிப் படி, சமூகப் பூசல் தீர்வு நடுவர் மன்றம். 2015ல் வந்த சட்டத்தின்கீழ் அமைந்தது. ஒரே கட்டடத்தில், அல்லது 100 மீட்டருக்குள் இருப்பவர்மீது அங்கே வழக்குத் தொடுக்கலாம். நடுவர் மன்றம் 20,000 வெள்ளி வரை இழப்பீடு வழங்கச் சொல்லலாம். ஒரு செயலை நிறுத்தச் சொல்லலாம். மன்னிப்புக் கேட்கவும் சொல்லலாம். "ஐயோ, பிள்ளை ஓடியதற்கு நம்மை நீதிமன்றத்துக்கு இழுப்பார்களா?" என்று பயப்படும் பெற்றோருக்கு ஒன்று சொல்கிறேன். உத்தரவு பிறப்பிக்கும் முன், சிங்கப்பூரில் வாழும் நியாயமான மனிதர்கள் பொறுத்துக்கொள்ளக்கூடிய அன்றாட வாழ்க்கை நிகழ்வுகளையும் மன்றம் கருத்தில் கொள்ள வேண்டும் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. பகலில் பிள்ளை விளையாடுவது அன்றாட வாழ்க்கை இல்லை என்றால் வேறு எது அன்றாட வாழ்க்கை? நடுநிசியில் பந்து தட்டுவது வேறு. அதற்கு இந்த வரி நமக்கு உதவாது.

இனி இரண்டாம் வகை. பிள்ளையை மிரட்டுவது, பின்தொடர்வது, கேவலமாகத் திட்டுவது ஆகியவை சத்தம் சம்பந்தப்பட்ட விஷயமே அல்ல. 2014ல் நிறைவேறிய துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டம் இதற்கென்றே இருக்கிறது. பாதுகாப்பு உத்தரவு கேட்டு நீதிமன்றம் போகலாம். இதற்கென்று தனி நீதிமன்றமே 2021ல் திறக்கப்பட்டது. உங்கள் வீட்டைத் தொடர்ந்து கண்காணிப்பதும், படம்பிடிப்பதும் அண்டைவீட்டுத் தொல்லை என்ற வகையில் நான் முன்னே சொன்ன நடுவர் மன்றத்துக்குப் போகக்கூடிய காரணங்கள். அடிப்பேன் என்று கையை ஓங்கினால் காத்திருக்க வேண்டாம், போலிசை அழையுங்கள்.

எங்கே போனாலும் முதலில் கேட்பது ஆதாரம். ஒரு சாதாரணப் பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் போதும். தேதி, மணி, என்ன நடந்தது, யார் பார்த்தார்கள் என்று அன்றன்றே எழுதி வையுங்கள். "எப்போதும் திட்டுவார்" என்பதைவிட "மார்ச் 3, மாலை 5.20, மின்தூக்கி அருகே" என்பதற்கு எடை அதிகம். தாழ்வாரத்தை நோக்கிக் கேமரா வைக்க முன்பு அனுமதி வாங்க வேண்டியிருந்தது. 2023 மே மாதத்திலிருந்து வீட்டுக்குள் இருந்தபடி வைக்க அந்த அனுமதி தேவையில்லை. ஆனால் அது அடுத்தவர் கதவையோ சன்னலையோ பார்த்தபடி இருக்கக் கூடாது. அப்படி வைத்தால் நாளைக்குக் குற்றவாளிக் கூண்டில் நாம்தான்.

அரங்கில் ஓர் அன்பர் கேட்டார்: "சனிக்கிழமை இரவெல்லாம் அவர்கள் கரோக்கே பாடுகிறார்கள், நாங்கள் பொறுத்துக்கொண்டோம். இப்போது நாங்களும் ஒலிபெருக்கியை அவர்கள் சுவர்ப்பக்கம் திருப்பினால் என்ன?" அவர் ஆத்திரம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஐயா, திருப்பிய நிமிடத்திலிருந்து உங்கள் நோட்டுப் புத்தகத்துக்கு மதிப்பில்லை. அவர்களும் ஒரு நோட்டுப் புத்தகம் தொடங்குவார்கள். கரோக்கே நாளையும் நேரத்தையும் எழுதி வைத்துச் சமரச மேசையில் எடுத்துப் போடுங்கள். அங்கே அது நன்றாகவே வேலை செய்யும்.

இன்னொரு தாயார், பிள்ளையிடம் என்ன சொல்வது என்று கேட்டார். பெரியவர்கள் சண்டையைப் பிள்ளைக்கு எதிரில் பேசாதீர்கள். "அந்த ஆள் பைத்தியம்" என்றும் சொல்லாதீர்கள். மறுநாள் மின்தூக்கியில் பிள்ளை அதை அப்படியே சொல்லிவிடும். "இரவு நேரத்தில் கீழ்வீட்டுத் தாத்தா தூங்க வேண்டும், அதனால் ஓட வேண்டாம். பகலில் திடலில் ஓடலாம், அதில் தப்பில்லை. யாராவது கத்தினால் பதில் பேசாமல் நேரே வீட்டுக்கு வந்து சொல்லு." ஏழு வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு போதும். சொன்னபிறகு, சில நாள்களுக்கு மாலையில் நீங்களும் கூடவே கீழே இறங்கிப் போங்கள். அந்த வாசலைக் கடக்கும்போது பிள்ளையின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பவர் வெளியே நின்றால் ஒரு வணக்கமும் சொல்லுங்கள். அவர் பதில் சொல்லாவிட்டால் பரவாயில்லை.