அரை சாண் தூரம்

கடல் கடந்த கால்கள் – 6

பட்டுக்கோட்டைப் பக்கம் சிங்கப்பூருக்கு ஆள் போகாத ஊர் அபூர்வம். அந்தக் காலத்தில் நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பல் ஏறினால் பினாங்கு, அப்புறம் சிங்கப்பூர். அங்கிருந்து வரும் கோடாலித் தைலத்தை நம் வீடுகளில் குழந்தைக்குக்கூடத் தெரியும். அதே சிங்கப்பூருக்காக ஓடிய குணாளனைத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? இது என் நெடுநாள் ஆதங்கம்.

கனகசபை குணாளன் 1942-ல் மலாயாவின் பேராக் மாநிலத்தில் பிறந்தவர். இருபது வயது வரை அவர் ஓட்டக்காரரே அல்ல, கால்பந்தாட்டக்காரர். பந்தைத் துரத்தி ஓடிய வேகத்தைக் கண்டு அவரைத் தடகளத்துக்கு இழுத்து வந்தவர் டான் எங் யூன் என்ற பயிற்சியாளர். நம்மூர் உடற்பயிற்சி ஆசிரியர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். பதினைந்து வயதைத் தாண்டிய பையனை ‘இனிமே தேற மாட்டான்’ என்று தள்ளிவிடுகிறோம். கபடியில் பாடிப் போய், நாலு பேர் கைக்குத் தப்பி நடுக்கோட்டுக்குப் பாய்கிறானே, அவன் காலை ஒருநாளாவது ஸ்டாப் வாட்ச் வைத்துப் பார்த்திருக்கிறோமா?

1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் குணாளன் மலேசியாவுக்காக ஓடினார். அப்போது சிங்கப்பூர் அதோடு சேர்ந்திருந்தது. மறு ஆண்டே பிரிவினை. 1966 டிசம்பர், பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் 100 மீட்டர் ஓட்டம். இவர் சிங்கப்பூருக்கு, மணி ஜெகதீசன் மலேசியாவுக்கு. இருவருக்கும் 10.5 நொடி!

கையால் அழுத்தும் கடிகாரத்தில் பத்தில் ஒரு நொடி வரைதான் கணக்கு. அதற்குள் இவர்கள் ஒரு மீட்டர் கடந்துவிடுவார்கள். ஆகவே கோட்டருகே எடுத்த படத்தை வைத்துத்தான் தீர்ப்பு. நீட்டிய கையும் தலையும் அதில் சேர்த்தி இல்லை. உடம்பு முதலில் கோட்டைத் தொட வேண்டும். தங்கம் ஜெகதீசனுக்கு, வெள்ளி குணாளனுக்கு. ஆசியாவின் அதிவேக மனிதர்கள் இருவருமே தமிழர்கள்! பள்ளிப் பாடத்தில் வர வேண்டிய செய்தி இது.

1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் குணாளன் 10.38 நொடியில் ஓடினார். கடல் மட்டத்துக்கு 2,200 மீட்டருக்கும் மேலே இருக்கும் ஊர். காற்றின் அடர்த்தி குறைவு என்பதால் குறுகிய தூர ஓட்டத்துக்கு அனுகூலம். அது உண்மைதான். ஆனால் பள்ளிக்கூட வேலையையும் பார்த்துக்கொண்டு ஓடியவர் இவர். இறுதிச் சுற்றுக்குப் போகவில்லை. ஆனாலும் அந்த 10.38, சிங்கப்பூரின் தேசிய சாதனையாக 33 ஆண்டுகள் அசையாமல் நின்றது. 2001-ல் கோலாலம்பூரில் யு.கே. ஷியாம் அதை 10.37 ஆக்கினார். நூறில் ஒரு நொடி! ஓட்டப் பாதையில் அளந்தால் சுமார் பத்து சென்டிமீட்டர், அரை சாண்கூட முழுசாக வராது. அதைக் கடக்க ஒரு நாட்டுக்கு ஒரு தலைமுறை பிடித்தது.

அதே மெக்சிகோவில் ஜெகதீசன் 200 மீட்டரை 20.92 நொடியில் ஓடினார். அந்த மலேசிய சாதனை 2017 வரை நின்றது. ஓடிக்கொண்டே டாக்டருக்குப் படித்த அவரைப் பற்றி அடுத்த வாரம்.

(தொடரும்)