குரக்குவலியும் தசைத் துடிப்பும்

கோலாலம்பூரின் பங்சார் இன்று மாடி வீடுகளும் கடைகளும் நிறைந்த நகர்ப்புறம். முன்னொரு காலத்தில் அது ரப்பர்த் தோட்டமாக இருந்தது. புங்கே, கிரிசார் என்னும் இரு ஐரோப்பியப் பெயர்களின் சேர்க்கையே நாளடைவில் பங்சார் என்றாயிற்று. அங்கே விடியுமுன் எழுந்து பால்வெட்டச் சென்றவர்களுக்கும், இன்று வேறு தோட்டங்களில் அதே தொழிலைச் செய்வோருக்கும் பொதுவான தொல்லை ஒன்று உண்டு. இரவில் காலை நீட்டிப் படுத்ததும் கெண்டைக்கால் சதை திடீரெனக் கல்போல் இறுகும். உயிர் போவதுபோல் வலிக்கும். இதனைக் குரக்குவலி என்கிறோம். "நரம்பு சுண்டி இழுக்கிறது" என்பதும் இதனையே.

இஃது ஏன் வருகிறது? நம் தசைகள் நரம்புகளின் கட்டளைப்படி சுருங்கி விரிகின்றன. அளவுக்கு மிஞ்சிய உழைப்பினால் தசை களைத்துவிட்டாலும், வியர்வையோடு நீரும் உப்பும் மிகுதியாக வெளியேறிவிட்டாலும் இந்த ஒழுங்கு குலைகிறது. சுருங்கிய தசை விரிய மறுக்கிறது. கருவுற்ற தாய்மாருக்கும், முதியோருக்கும், நீரிழிவு உள்ளோருக்கும் இது அடிக்கடி வருவதுண்டு. சிறுநீரை மிகுவிக்கும் மாத்திரை போன்ற சில மருந்துகளாலும் வரலாம்.

கண்ணிமை துடிப்பது வேறு. இடக்கண் துடித்தால் இன்னது நடக்கும், வலக்கண் துடித்தால் இன்னது நடக்கும் என்று சகுனம் பார்ப்போர் நம்மிடையே உளர். உறக்கக் குறைவு, மனக்கவலை, மிகுதியான காப்பி ஆகியவையே பெரும்பாலும் இதற்குக் காரணம். போதிய ஓய்வு கிடைத்தால் சில நாள்களில் தானே அடங்கிவிடும்.

குரக்குவலி வந்தவுடன் செய்யத்தக்கது எளிது. முழங்காலை நீட்டி, பாதத்தின் முன்பகுதியைப் பிடித்து முழங்காலை நோக்கி மெல்ல இழுக்க வேண்டும். சதையை இதமாகத் தேய்த்து விடலாம். வெந்நீர் ஒற்றடமும் கொடுக்கலாம். படுக்கைக்குப் போகுமுன் சுவரில் கைகளை ஊன்றி, குதிகாலைத் தரையில் பதித்து, கெண்டைக்காலைச் சற்று நேரம் நீட்டிப் பழகுதல் நன்று. வேலைக்குச் செல்கையில் குடிநீர் கொண்டு செல்ல மறவாதீர். தாகம் எடுக்கும் வரை காத்திராமல் இடையிடையே பருகுக. வியர்வை மிகுந்த நாளில் உப்பிட்ட கஞ்சி நல்ல பானமாகும். அல்லது கொதித்தாறிய ஒரு லிட்டர் நீரில், தேக்கரண்டியால் தலைதட்டி ஆறு கரண்டி சீனியும் அரைக் கரண்டி உப்பும் கலந்து பருகலாம். இரத்தக் கொதிப்பு, நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு உள்ளோர் மருத்துவரைக் கேட்காமல் இவ்வாறு செய்தல் ஆகாது.

உணவுக் குறையும் தசையை வாட்டும். இதற்குக் கோலாலம்பூரிலேயே சான்று உண்டு. அக்காலத்தில் இந்நாட்டில் பெரிபெரி என்னும் நோய் பலரை மாய்த்து வந்தது. கெண்டைக்கால் வலியும் மரத்துப்போதலும் அதன் அறிகுறிகள். 1905ஆம் ஆண்டில் டாக்டர் வில்லியம் பிளெட்சர், இந்நகரின் மனநோயாளர் மருத்துவமனையில் இருந்தோரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குத் தீட்டிய பச்சரிசிச் சோறும், மற்றவர்க்குப் புழுங்கலரிசிச் சோறும் கொடுத்துப் பார்த்தார். பச்சரிசி உண்டோரில் பலர் நோயுற்றனர். 18 பேர் மாண்டனர். புழுங்கலரிசி உண்டோரில் புதிதாக எவரையும் அந்நோய் பற்றவில்லை. அரிசியின் மேற்படலத்தில் உள்ள வைட்டமின் பி1 தீட்டும்போது போய்விடுகிறது என்பதும், நெல்லைப் புழுக்கும்போது அது அரிசியின் உள்ளே இறங்கித் தங்குகிறது என்பதும் பின்னரே தெளிவாயின. நம் பாட்டிமார் வழிவழியாகச் சமைத்த புழுங்கலரிசி, நம்மவரை அறியாமலே காத்து வந்திருக்கிறது.

இன்றும் இதில் நமக்குப் பாடம் உண்டு. வெறுஞ்சோறும் ஊறுகாயுமாக நாளைக் கழிக்காமல், பருப்பு, பயறு, கீரை, மீன், முட்டை, வாழைப்பழம் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நாள்தோறும் சம்சு குடிப்பவரின் உடலில் இந்த வைட்டமின் குறைந்து, நரம்புகள் கெடுகின்றன. களைப்புத் தீரக் குடிப்பதாக அவர் எண்ணுவது கால்களையே பலவீனமாக்கும்.

வீட்டு வைத்தியத்தோடு நின்றுவிடக் கூடாத வேளைகளும் உண்டு. காய்ச்சலும் கண் சிவப்பும் கடுமையான கெண்டைக்கால் வலியும் சேர்ந்து வந்தால், எலியின் சிறுநீரால் பரவும் காய்ச்சலாக இருக்கலாம். கத்தி வெட்டோ முள் குத்தலோ பட்ட சில நாள்களில் வாய் திறக்க இயலாமல் தாடை இறுகினால், அது இரணசன்னியின் அறிகுறி. தடுப்பூசி அதற்குக் காப்பாகும். பூச்சிமருந்து தெளித்தவருக்குத் தசைகள் துடித்து, எச்சில் ஒழுகி, வியர்த்துக் கொட்டினால் மருந்தின் நஞ்சு உடலில் ஏறியிருக்கிறது எனக் கொள்ள வேண்டும். உடனே உடையை அகற்றி, உடம்பைச் சோப்பிட்டுக் கழுவி, மருந்துப் புட்டியின் சீட்டையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரைக. உதவுவோர் வெறுங்கையால் அவ்வுடையைத் தொடலாகாது. முகமோ கையோ ஒரு பக்கமாகச் செயலிழந்தாலும், நினைவு தப்பி வலிப்பு வந்தாலும் 999 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

துடிப்பு பல வாரம் நீடித்து, தசை மெலிந்து வலுவிழந்தாலும் மருத்துவரைக் காண்க. எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, என்னென்ன மருந்து உண்கிறோம் என்பவற்றை மறைக்காமல் சொல்லுதல் வேண்டும். "தோட்டத்து வேலை என்றால் கால் வலிக்கத்தான் செய்யும்" என்று பொறுத்துக்கொண்டே இருத்தல் நம்மிடையே உள்ள பழக்கம். பொறுமை நற்குணமே. ஆயினும் உடல் விடுக்கும் எச்சரிக்கையைக் கேளாதிருப்பது பொறுமையாகாது. நாளெல்லாம் நம்மைத் தாங்கி நடந்த கால்களுக்கு நீரும் நல்லுணவும் ஓய்வும் தருவது நம் கடமையாகும்.