நண்பகல் ஐந்து மணி!

நேயர்களே, அது 1975. ஆஸ்திரேலியாவில் மைலும் பவுண்டும் போய், கிலோமீட்டரும் கிலோவும் வந்துகொண்டிருந்த சமயம். ஒருநாள் ஏபிசி தொலைக்காட்சி ஒரு செய்தி சொன்னது: இனி நேரமும் மெட்ரிக் முறைக்கு மாறப்போகிறது. நிமிடத்துக்கு 100 விநாடி, மணிக்கு 100 நிமிடம், நாளுக்கு 20 மணி. அடிலெய்டு நகர மண்டபக் கடிகாரத்தின் புது முகப்பையே காட்டிவிட்டார்கள். மாநிலத் துணை முதல்வர் வேறு வந்து திட்டத்தைப் பாராட்டினார். அப்புறம் என்ன, போன் மேல் போன்! புதிதாக வாங்கிய டிஜிட்டல் கடிகாரத்தை எப்படி மாற்றுவது என்று ஒருவர் கேட்டாராம், பாவம். அன்றைய தேதி ஏப்ரல் 1.

அப்படியானால் மெட்ரிக் நேரமே கப்சாவா? அங்கேதான் இடிக்கிறது. 1793-இல் பிரான்ஸ், நாளுக்கு 10 மணி, மணிக்கு 100 நிமிடம் என்று நிஜமாகவே சட்டம் போட்டது. அந்தக் கடிகாரங்கள் இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அவற்றில் உச்சி வெயில் நேரத்தில் முள் 5-இல் நிற்கும். மீட்டர், லிட்டர், கிராமை முறைப்படுத்திய 1795 ஏப்ரல் 7-ஆம் தேதிச் சட்டம்தான், இந்தப் பத்து மணிக் கணக்கை நிறுத்தியும் வைத்தது.