புழு எந்த வழியாக வருகிறது?

தீர்த்தமலைக் கோயிலுக்கு வெறுங்காலோடு ஏறுகிறவர்கள் கொக்கிப்புழுவை நினைத்துப் பயப்பட வேண்டாம். வெயிலில் காய்ந்த கற்படியில் அதன் இளம்புழு பிழைக்காது. ஆட்கள் மலம் கழித்த, நிழலும் ஈரமும் உள்ள மண்ணில்தான் அது வளரும். முட்டை பொரிந்து ஒரு வாரம், பத்து நாளில் தோலைத் துளைக்கும் பக்குவத்துக்கு வந்துவிடும்.

தோல் வழியாக வருகிறது என்பது தற்செயலாகத்தான் தெரியவந்தது. 1898இல் கெய்ரோவில் ஆர்தர் லூஸ் என்ற ஜெர்மானியர் கினிப்பன்றிகளின் வாயில் இளம்புழு கலந்த நீரைச் சொட்டிக்கொண்டிருந்தார். ஒரு துளி அவர் கையில் விழுந்தது. அந்த இடம் சிவந்து அரித்தது. சில வாரம் கழித்து அவருடைய மலத்திலேயே புழு முட்டைகள் இருந்தன.

இதை ஆய்வகத்தில் சுண்டெலியில் வைத்துப் பார்க்கலாம் என்றால், மனிதரின் கொக்கிப்புழு அதில் சரியாக வளராது. அதனால் அதற்குப் பதிலாக எலியின் புழுவான நிப்போஸ்ட்ராங்கைலஸை வைத்துக்கொள்கிறார்கள். எலிப் புழுக்கையைக் கரித்தூளோடு பிசைந்து ஈர வடிதாளில் பரப்பி வைத்தால், சில நாளில் இளம்புழுக்கள் தாளின் ஓரத்துக்கு ஊர்ந்து வந்து, தலையை உயர்த்தி நெளியும். அவற்றைக் கழுவியெடுத்து, பெரும்பாலும் ஐந்நூறு வரை எண்ணி, ஊசியால் தோலடியில் செலுத்துவார்கள். ஓரிரு நாளில் நுரையீரல், மூன்று நான்கு நாளில் சிறுகுடல். பத்து நாள் வாக்கில் சுண்டெலியே புழுக்களை வெளியே தள்ளிவிடும். ஹெலிக்மோசோமாய்டஸ் என்ற இன்னொரு புழுவை, முனை உருண்ட ஊசியால் தொண்டை வழியே நேரே வயிற்றுக்குள் விடுகிறார்கள். அது நுரையீரல் பக்கமே போகாது. குடலிலேயே பல வாரம் தங்கிவிடும். சாட்டைப்புழு என்ற குடற்புழுவில், உள்ளே போகும் வழியோடு அளவும் சேர்ந்துகொள்கிறது. எதிர்ப்புத்திறன் உள்ள இனச் சுண்டெலிக்கு ஒரே தடவையில் இருநூறு முட்டை கொடுத்தால் மூன்று வாரத்தில் வெளியேற்றிவிடும். நாற்பதுக்குள் கொடுத்தாலோ நோய் நீடிக்கும்.

தோலடி ஊசி வசதியானது: எண்ணிக்கை பிசகாது, எல்லாச் சுண்டெலிக்கும் ஒரே அளவு போகும். ஆனால் அந்த ஊசி மேல்தோலைத் தாண்டிவிடுகிறது. புழு துளைக்கும்போது உடல் முதலில் விழித்துக்கொள்ளும் இடமே அதுதான். கொக்கிப்புழுத் தடுப்பூசிக்காகச் சோதிப்பவர்கள், சிரமம் பார்க்காமல், மழித்த தோலில் இளம்புழுவை விட்டுத் தானாகத் துளைத்து ஏற வைத்தும் பார்க்க வேண்டும் என்பேன். ஊசியில் மட்டும் கிடைத்த வெற்றி சேற்றில் நிற்கிற காலுக்குப் போதாது.

தீர்த்தமலைக்கு வடகிழக்கே உள்ள ஜவ்வாது மலையில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி நடத்திய டீவார்ம்3 ஆய்வில், பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் என்றில்லாமல் ஊர் முழுக்கப் பூச்சிமருந்து கொடுத்துப் பார்த்தார்கள். அந்த மருந்தான ஆல்பெண்டசோல் குடலில் இருக்கும் புழுவைக் கொல்லும். மறுநாள் காலில் ஏறும் புதுப்புழுவைத் தடுக்காது. அதற்குக் கழிப்பறையும் செருப்பும் வேண்டும்.