ட்ரூப்னயா வீட்டுப் படிக்கட்டு

சோவியத் ஊமைப்படம் என்றாலே ஐசன்ஸ்டைனும் ஒடெஸா படிக்கட்டும்தான் நம் நினைவுக்கு வரும். அந்தப் படிக்கட்டுக் காட்சி கொண்ட படம் வந்து மூன்றே ஆண்டுகளில் இன்னொரு படிக்கட்டும் திரைக்கு வந்தது. 1928-இல் போரிஸ் பார்னெட் இயக்கிய 'ட்ரூப்னயா சதுக்கத்து வீடு' படத்தில் வரும் மாஸ்கோ அடுக்குமாடிப் படிக்கட்டு அது. பொழுது விடிந்ததும் கதவுகள் திறக்கின்றன. ஒருவர் குப்பையைக் கொட்டுகிறார், இன்னொருவர் கம்பளத்தைத் தட்டுகிறார், வேறொருவர் அங்கேயே விறகு பிளக்கிறார். புரட்சி நடந்து பத்தாண்டு கழிந்தும் அடுத்த வீட்டுக்காரனைப் பற்றிக் கவலைப்படாத மனிதர்களை, ஒரு வசனமும் இல்லாமல் காட்டிவிடுகிறார் பார்னெட்.

கிராமத்திலிருந்து கையில் வாத்தோடு மாஸ்கோ வருகிறாள் பராஷா. வேரா மரெட்ஸ்கயா நடித்த பாத்திரம். மாமாவைத் தேடி அவள் இங்கே வர, மாமாவோ அவள் ஊருக்கு ரயில் ஏறிவிட்டார். கைநழுவிய வாத்து ட்ராம் பாதையில் ஓடுகிறது. அவளும் பின்னாலேயே பாய்கிறாள். ட்ராம் நெருங்கும் நொடியில் படம் அப்படியே உறைந்து நிற்கிறது. பிறகு பின்னோக்கி ஓடி, இந்த வாத்து மாஸ்கோவுக்கு வந்த கதையைச் சொல்லத் தொடங்குகிறது. இன்றைய இயக்குநர்களும் பார்த்துக் கற்க வேண்டிய துணிச்சல் இது.

பராஷாவை வேலைக்கு வைக்கும் முடிதிருத்துபவன் கோலிகோவுக்கு ஒரே நிபந்தனைதான்: வேலைக்காரி தொழிற்சங்கத்தில் இருக்கக் கூடாது. அப்போதுதான் மாடாக உழைக்க வைக்கலாம். ஆனால் பராஷா சங்கத்தில் சேர்ந்துவிடுகிறாள். அவள் மாஸ்கோ சோவியத் என்ற நகர மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டதாகச் செய்தி பரவியதும், நேற்றுவரை ஏவிய அதே வீடு வரவேற்புக்குத் தயாராகிறது. தேர்வானவள் அதே பெயர் கொண்ட வேறொருத்தி என்று தெரிந்ததும் அந்த மரியாதை பறந்துபோகிறது. அதிகாரத்தைக் கண்டால் வளையும் முதுகை இவ்வளவு கச்சிதமாகக் காட்டிய படங்கள் குறைவு.

பார்னெட் குத்துச்சண்டை வீரராக இருந்து, இயக்குநர் குலெஷோவிடம் நடிப்புப் பயின்றவர். குலெஷோவின் 'மிஸ்டர் வெஸ்ட்' (1924) படத்தில் வரும் கௌபாய் அவர்தான். மனித உடம்பு எப்படி விழும், எப்படித் துள்ளும் என்பது அவருக்கு அத்துப்படி.

சோவியத் ஊமைப்படங்களின் இந்தச் சிரிப்பு சின்ன முதலாளிகளைக் குத்தியவரை சிக்கல் இல்லை. அலுவலக நாற்காலியைத் தொட்டபோதுதான் ஆபத்து வந்தது. சிபாரிசு தேடி அலையும் அதிகாரியைக் கிண்டலடித்த ஜார்ஜியப் படம் 'என் பாட்டி' (1929) பல பத்தாண்டுகள் தடையில் கிடந்தது. ட்ரூப்னயா வீட்டுக் கதையை எழுதியவர்களில் ஒருவரான நிகோலாய் எர்ட்மன் 1933-இல் கைதாகி, சைபீரியாவுக்கு நாடுகடத்தப்பட்டார்.